சூசன்னா கிளார்க் மறுபடி எழுத வந்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

மாய உலகக் கதைகள் எழுதும் ஒருவர் பல வருடம் எதுவும் எழுதாமல் இருந்துவிட்டு எப்படித் திரும்பி வருகிறார்? இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் யோசனைகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். தினமும் கொஞ்சமாவது எழுது, பாதியில் விட்டதை எடுத்துப் படி, விட்ட இடத்திலிருந்து தொடங்கு. ஆங்கில எழுத்தாளர் சூசன்னா கிளார்க்கின் அனுபவம் இவற்றில் கடைசி யோசனைக்கு நேர் எதிரானது. அதனாலேயே அதை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அவருடைய முதல் நாவல் 2004இல் வந்தது, சிறுகதைத் தொகுப்பு 2006இல். அதற்கு அடுத்த புத்தகம் 2020 செப்டம்பரில்தான் வந்தது. நடுவில் 14 வருடம். நாவலிலிருந்து நாவலுக்குக் கணக்கிட்டால் 16. திரும்பி வந்த அந்தப் புத்தகம், 'பிரனேசி', 2021இல் பெண் எழுத்தாளர்களின் நாவல்களுக்குத் தரப்படும் இங்கிலாந்தின் விமன்ஸ் பிரைஸ் விருதைப் பெற்றது.

தன்னிடம் தானே எதிர்பார்ப்பதன் அளவை அவர் குறைத்துக்கொண்டார், தரத்தைக் குறைக்கவில்லை. இந்தத் திரும்புதலை நடத்தியது இந்த ஒரே முடிவுதான் என்பது என் கணிப்பு. அந்த முடிவுக்கு அவர் வந்து சேர்ந்த வழியும், அது புத்தகத்தின் கட்டமைப்பையே எப்படித் தீர்மானித்தது என்பதும்தான் இந்த ஆய்வின் விஷயம்.

முதல் புத்தகத்தின் சுமை

கிளார்க் 1959இல் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். இத்தாலியின் டூரினிலும் ஸ்பெயினின் பில்பாவோவிலும் ஆங்கிலம் கற்றுக்கொடுத்துவிட்டு, 1992இல் இங்கிலாந்து திரும்பினார். பிறகு கேம்பிரிட்ஜில் ஒரு பதிப்பகத்தில் சமையல் புத்தகங்களை எடிட் செய்யும் வேலை. அந்த வேலைக்கு நடுவே, ஏறக்குறைய பத்து வருடம் உழைத்து எழுதியதுதான் 'ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரெல்'. ஆக, அவர் எப்போதும் நிதானமாக எழுதுகிறவர்தான். பிந்தைய இடைவெளியைப் பார்க்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

அந்த நாவல் 1806இல் தொடங்குகிறது. அதில் வரும் இங்கிலாந்தில் ஒரு காலத்தில் மந்திரம் உண்மையாகவே இருந்தது. பிறகு 300 வருடமாக யாராலும் ஒரு சின்ன மந்திரம்கூடச் செய்ய முடியவில்லை. அதைப் பற்றிப் படிக்கிறார்கள், சங்கம் வைத்து விவாதிக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த நிலையில் இரண்டு மந்திரவாதிகள் மந்திரத்தை மீட்டுக் கொண்டுவருகிறார்கள், நெப்போலியனுக்கு எதிரான போரில் அது பயன்படுகிறது. ஏறக்குறைய 780 பக்கம். கிட்டத்தட்ட 200 அடிக்குறிப்புகள். இந்த அடிக்குறிப்புகள்தான் புத்தகத்தின் பெரிய சாதனை. இல்லாத புத்தகங்களை மேற்கோள் காட்டும், வட இங்கிலாந்தை ஆண்ட காக்கை அரசனைப் பற்றிய நாட்டுப்புறக் கதைகளைச் சொல்லும், இறந்துபோன அறிஞர்களின் சண்டைகளைப் பதிவு செய்யும். மொழியும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்க கால ஆங்கில நடையில், ஒரு இடத்திலும் பிசகாமல் போகும். 2004இல் புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. 2005இல் ஹ்யூகோ விருது, வேர்ல்ட் ஃபேன்டஸி விருது இரண்டும் கிடைத்தன.

இப்படி ஒரு புத்தகத்தை எழுதும்போது ஆசிரியர் தன் தலைக்குள் எதையெல்லாம் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நடப்பு உலகத்தில் நடக்கும் கதையென்றால், எழுத்தாளர் மறந்துபோனதை உலகமே நினைவுபடுத்தும். லண்டன் தெரு எங்கே போகிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். காக்கை அரசனின் நாட்டில் எந்தச் சாலை எங்கே போகிறது என்பதற்கு எழுதியவரின் நினைவும் அவர் வைத்திருக்கும் குறிப்புகளும்தான் ஆதாரம். மந்திரத்தின் விதி, பெயர்களின் வரலாறு, யார் யாரிடம் என்ன சொன்னார் என்பது, இவற்றோடு உண்மையான 19ஆம் நூற்றாண்டின் உடை, உணவு, ராணுவப் பதவிகள். எல்லாம் ஒரே சமயத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மிகுபுனைவில், அதாவது இப்படிப்பட்ட மாய உலகக் கதைகளில், இடைவெளி விழுந்தால் திரும்பி வருவது அதிகக் கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சோம்பலோ மனத்தடையோ அதற்குப் பிறகுதான் வருகின்றன.

அடுத்து என்ன என்று கேட்டவர்களிடம் கிளார்க் அப்போது தெளிவாகவே பதில் சொன்னார். அதே உலகம், சில வருடம் கழித்து, இந்த முறை சமூகத்தில் கீழ்ப்படியில் இருக்கும் மனிதர்களை மையமாக வைத்து. வாசகர்கள் காத்திருந்தார்கள்.

நின்றது எப்படி

2005இல் அவர் உடல் விழுந்தது. நாட்பட்ட சோர்வு நோய் என்று கண்டறியப்பட்டது. தமிழில் இந்தப் பெயர் கொஞ்சம் ஏமாற்றும். அசதி, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று தோன்றவைக்கும். இந்த நோயின் முக்கிய அடையாளம் வேறு. உடலாலோ மூளையாலோ ஒரு வேலையைச் செய்தால், அதற்குப் பிறகு, சில சமயம் ஒரு நாள் கழித்துக்கூட, எல்லா அறிகுறிகளும் மோசமாகும். கூடவே மூளை மூட்டம் போட்டதுபோல் ஆகிவிடும். படித்தது நிற்காது, நினைத்த சொல் வராது. கொஞ்சம் கொஞ்சமாக உழைப்பைக் கூட்டினால் தேறிவிடலாம் என்ற பழைய மருத்துவ யோசனையை மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கைவிட்டது. இருக்கும் சக்தியின் எல்லைக்குள் வாழ்க்கையை அமைத்துக்கொள்ளச் சொல்கிறது இப்போதைய யோசனை. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறது.

2006இல் வந்த சிறுகதைத் தொகுப்பில் இருந்தவை பெரும்பாலும் முன்பே எழுதி வெளியானவை. அதற்குப் பிறகு அமைதி. ஆனால் கிளார்க் எழுதவே இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பேட்டிகளில் அவர் விவரித்த சிக்கல் வேறு மாதிரியானது. ஒரு வாக்கியத்தின் இரண்டு வடிவங்களில் எது வேண்டும் என்று அவரால் முடிவெடுக்க முடியவில்லை. கதை இந்தப் பக்கம் திரும்பட்டுமா அந்தப் பக்கமா என்று தீர்மானிக்க முடியவில்லை. வெட்டிவிடாத புதர் எல்லாப் பக்கமும் கிளைவிடுவதுபோல அவருடைய முடிக்காத நாவல்கள் வளர்ந்துகொண்டே போயின.

இந்த வாக்குமூலம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. எழுத்து நின்றுபோனவர்களைப் பற்றிப் பேசும்போது கற்பனை வற்றிவிட்டது என்றுதான் நாம் சட்டென்று சொல்லுவோம். இவர் விஷயத்தில் கற்பனை வற்றவே இல்லை. நோய் பிடுங்கிக்கொண்டது தேர்ந்தெடுக்கும் திறனை. கதை எழுதுவது என்பது ஒவ்வொரு வரியிலும் பத்து சாத்தியங்களில் ஒன்பதை வேண்டாம் என்று தள்ளும் வேலை. அந்தத் தள்ளும் வேலைக்கு ஆகும் சக்தி, கண்டுபிடிக்கும் வேலைக்கு ஆவதைவிட அதிகம். 200 அடிக்குறிப்பு உள்ள உலகத்துக்குத் தொடர்ச்சி எழுதுவதென்றால் அந்த முடிவுகள் பல ஆயிரம். தினமும் கொஞ்சம் எழுது என்ற யோசனை இந்த நிலையில் உதவாது. தினமும் கொஞ்சம் எழுதினால் புதர் தினமும் கொஞ்சம் பெருக்கும், அவ்வளவுதான்.

யார்க்‌ஷர் படப்பிடிப்பு

பிபிசி அந்த முதல் நாவலை ஏழு பகுதி தொலைக்காட்சித் தொடராக எடுத்தது. எடி மார்சன் நோரெலாகவும் பெர்ட்டி கார்வெல் ஸ்ட்ரேஞ்சாகவும் நடித்தார்கள், 2015இல் ஒளிபரப்பானது. யார்க்‌ஷரில் படப்பிடிப்பு நடந்தபோது கிளார்க் பார்க்கப் போயிருந்தார். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் அவரை ஒரு எழுத்தாளராக நடத்தினார்கள். வெகுகாலமாகத் தன்னைப் பற்றித் தனக்கே அப்படித் தோன்றாமல் இருந்தது என்றும், எழுத்துக்குத் திரும்பலாம் என்ற எண்ணம் அந்த அனுபவத்திலிருந்து வந்தது என்றும் பின்னர் சொன்னார்.

நீண்ட நோயில் கிடப்பவரை உலகம் நோயாளியாக மட்டும் பார்க்கத் தொடங்கிவிடும். மருத்துவர், மருந்துக்கடைக்காரர், விசாரிக்க வரும் உறவுகள் என எல்லாரும் அன்போடுதான் கேட்கிறார்கள், ஆனால் கேட்பதெல்லாம் உடம்பைப் பற்றி. ஒரு நாள் முழுக்க வேறு கேள்விகளைக் கேட்கும் மனிதர்கள் நடுவே இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! அந்த உடையலங்காரக்காரர்களும் நடிகர்களும் அவருக்குச் செய்த உதவி அவர்களுக்கே தெரிந்திருக்காது. எழுதுவதை நிறுத்திவிட்ட நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், எப்போது எழுதப்போகிறீர்கள் என்று கேட்பதைவிட, அவர் ஏற்கெனவே எழுதிய ஒரு கதையைப் பற்றி அவரோடு அரை மணி நேரம் பேசிப் பாருங்கள்.

எந்தக் கதையை எடுப்பது

சரி, திரும்பலாம் என்று தோன்றிவிட்டது. எதற்குத் திரும்புவது? வாசகர்கள் கேட்டது தொடர்ச்சி நாவலை. பதிப்பகத்துக்கும் அதில்தான் லாபம். கிளார்க் வேறு ஒன்றை எடுத்தார். இருபதுகளில் இருந்தபோது அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேஸைப் பற்றிய ஒரு வகுப்புக்குப் போனவர் அவர். கிரேக்கப் புராணத்தில் வழி தெரியாத சுற்றுக்கட்டடத்துக்குள் அடைபட்டிருக்கும், பாதி மனிதனும் பாதி காளையுமான மினோட்டாரின் பார்வையிலிருந்து சொல்லப்படும் போர்ஹேஸின் சிறுகதை ஒன்று அவரை ஆட்கொண்டது. அந்தக் காலத்திலேயே மனதில் விழுந்த கரு ஒன்று இருந்தது: எல்லையில்லாத ஒரு பெரிய வீடு, அதற்குள் கடல், இரண்டு மனிதர்கள். அதை எப்படி எழுதுவது என்று அப்போது தெரியாமல் விட்டுவைத்திருந்தார்.

அதை இப்போது எடுத்ததற்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது. தன்னிடம் தான் கேட்பதை எளிதாக்க வேண்டியிருந்தது. இந்தக் கதையில் நூற்றுக்கணக்கான பாத்திரங்கள் இல்லை. பெரிய ஆராய்ச்சியும் தேவையில்லை, ஏனென்றால் இல்லாத அந்த வீட்டைப் பற்றி எதை ஆராய்வது?

'பிரனேசி'யைப் படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்காகக் கதையின் மர்மத்தை உடைக்காமல் சொல்கிறேன். ஒரு மனிதர் முடிவில்லாத மண்டபங்கள் கொண்ட வீட்டில் வாழ்கிறார். சுவரெங்கும் சிலைகள். கீழ்த்தளத்து மண்டபங்கள் கடலில் மூழ்கியிருக்கின்றன, மேல்தளத்தில் மேகங்கள், நடுவில் பறவைகளும் அவரும். மீன் பிடிக்கிறார், கடற்பாசி சேகரிக்கிறார், அலை எப்போது எந்த மண்டபத்துக்கு வரும் என்று கணக்கிடுகிறார், அங்கே கிடக்கும் 13 பேரின் எலும்புகளை அக்கறையோடு பராமரிக்கிறார். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் இன்னொருவர் வந்து பேசிவிட்டுப் போவார். அந்த இன்னொருவர் வைத்த பெயர்தான் பிரனேசி, கற்பனைச் சிறைகளைச் செதுக்கோவியங்களாக வரைந்த 18ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞரின் பெயர். நாவல் முழுக்க இந்த மனிதரின் நாட்குறிப்பு. ஆங்கிலப் பதிப்பு 270 பக்கத்தை ஒட்டியது.

இந்தக் கட்டமைப்பை எழுதுகிறவரின் இடத்திலிருந்து பாருங்கள். பின்வருவது என் ஊகம், கிளார்க் இப்படி வகுத்துச் சொன்னதில்லை. ஆனால் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது இது அழுத்தமாகத் தோன்றுகிறது.

நாட்குறிப்பு வடிவத்தில் ஒவ்வொரு பதிவும் தன்னளவில் முடிந்துவிடுகிறது. நல்ல நாளில் ஒன்றை எழுதி வைத்துவிட்டு, மோசமான நாட்கள் கடந்தபின் அடுத்ததைத் தொடலாம். இடையில் விழும் வெற்றிடம்கூட ஒரு நாட்குறிப்பில் இயல்புதான். அப்புறம், கதைசொல்லிக்கே அந்த உலகத்தின் வரலாறு தெரியாது. தன் பழைய பதிவுகளுக்கு அட்டவணை போட்டு வைத்திருக்கிறார், அவற்றைப் புரட்டும்போது தான் எழுதியதே தனக்கு நினைவில்லை என்று அதிர்கிறார். நோரெல் நாவலில் ஆசிரியர் எல்லாம் தெரிந்த அறிஞராக இருக்க வேண்டியிருந்தது. இங்கே மறதியே கதையின் எந்திரம். மூளை மூட்டத்தோடு வருடக்கணக்கில் வாழ்ந்த ஒருவரால் மட்டுமே இவ்வளவு துல்லியமாக எழுதக்கூடிய மறதி அது.

மண்டபங்களின் அமைப்பும் அப்படித்தான். ஒரு மண்டபம், அதன் சிலைகள், அதற்குப் பக்கத்தில் இன்னொரு மண்டபம். வரலாறு சுமக்க வேண்டியதில்லை என்பதால் கிளார்க்கின் கவனம் முழுவதும் ஒவ்வொரு சிலையின் மீதும் இறங்குகிறது. தேன்கூட்டைச் சுமக்கும் பெண், உதட்டில் விரல் வைத்துப் புன்னகைக்கும் ஆட்டுக்கால் மனிதன், ஒரு கொரில்லா. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரிதான், ஆனால் மறக்க முடியாதவை. அளவைக் குறைத்துத் தரத்தைக் குறைக்கவில்லை என்று மேலே சொன்னது இதைத்தான். சின்னப் புத்தகத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை. முதல் நாவலில் மந்தமான பக்கங்கள் சில உண்டு, அகலம் அவற்றைத் தாங்கிக்கொண்டது. இதில் ஒரு மந்தமான பக்கத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

மேலே சொன்ன மருத்துவ யோசனையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இருக்கும் சக்தியின் எல்லைக்குள் வாழ்வை அமைத்துக்கொள்வது என்பதை அவர் கதையின் வடிவத்திலேயே செய்துவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

பழைய கேள்வி கூடவே வந்தது

புது உலகம், புது நடை, புது அளவு. அப்படியானால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாரா? இல்லை. முதல் நாவலின் மையக் கேள்வி, மந்திரம் ஏன் இங்கிலாந்தைவிட்டுப் போனது, அது திரும்பி வருமா என்பது. 'பிரனேசி'யில் ஒரு ஆராய்ச்சியாளர் ஒரு கொள்கையை முன்வைக்கிறார். பழங்கால மனிதர்கள் உலகத்தோடு பேசினார்கள், உலகம் பதில் சொன்னது. அந்த அறிவு பிறகு நம் உலகத்திலிருந்து வடிந்து போனது. வடிந்தது எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், தண்ணீர் பாறையைக் குடைவதுபோல் அது குடைந்து உண்டாக்கிய இடம்தான் இந்த வீடு. அதாவது 2004இல் கேட்ட கேள்வியின் மறுபாதியை 2020இல் கேட்கிறார்: போன மந்திரம் போய்ச் சேர்ந்த இடம் எப்படி இருக்கும்?

திரும்பி வருகிறவர்கள் எதைக் கொண்டுவர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பாத்திரங்களும் வரைபடங்களும் அடிக்குறிப்புகளும் பழைய உலகத்துக்குச் சொந்தம், அவற்றைச் சுமந்து வர வேண்டியதில்லை. எழுத்தாளரை ஆரம்பத்திலேயே எழுதத் தூண்டிய கேள்வி அவருக்குள்ளேயே இருக்கிறது, அது சுமையும் இல்லை.

தனியாக ஒரு வீட்டில் வாழும் மனிதரைப் பற்றி, நோயால் வீட்டோடு முடங்கிய ஒருவர் எழுதியது என்பதைக் கிளார்க்கும் உணர்ந்தே இருந்தார். புத்தகம் வெளிவந்ததோ கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் இருந்த வருடத்தில். அதனால் பலரும் அதைச் சிறைவாசத்தின் உருவகமாக மட்டும் வாசித்தார்கள். அந்த வாசிப்பு எனக்கு உவப்பில்லை. கதைசொல்லி அந்த வீட்டை நேசிக்கிறார், அது தன்னைக் காப்பாற்றுகிறது என்று நம்புகிறார், அதன் அழகைச் சொல்லி மாளவில்லை அவருக்கு. அடைபட்டிருப்பதன் துயரத்தோடு அந்த இடத்தின் மீதுள்ள உண்மையான காதலையும் ஒரே குரலில் சொல்வதற்கு மிகுபுனைவு தேவைப்பட்டது. நோயைப் பற்றிய தன்வரலாறாக எழுதியிருந்தால் அந்தக் காதலுக்கு இடம் கிடைத்திருக்காது.

இந்த நிகழ்விலிருந்து எடுக்கக் கூடாதவை

ஒரு எழுத்தாளரின் அனுபவத்தை எல்லாருக்கும் பொதுவாக்குவதில் ஆபத்து உண்டு. முதல் புத்தகத்தின் பெரும் வெற்றி கிளார்க்குக்குப் பின்னால் இருந்தது. 16 வருடம் கழித்து வந்தாலும் வாசிக்க ஆட்கள் இருந்தார்கள், அதே ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் இருந்தது. கணவர் காலின் கிரீன்லாண்டும் நாவலாசிரியர், எழுத்து என்றால் என்ன என்று அறிந்த துணை. இதெல்லாம் இல்லாத ஒருவர் அதே முடிவை எடுத்தால் அதே பலன் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

குணமாகித் திரும்பி வந்தார் என்றும் சொல்லக் கூடாது. விருது மேடையில் அவர் சொன்னது, இந்தப் புத்தகம் நீண்ட நோய்க்கு உள்ளேயே வளர்ந்து, எழுதப்பட்டு, வெளியானது என்பது. தான் இதை எழுதும் அளவுக்கு நலமாவேன் என்று நினைத்ததே இல்லை என்றார். நீண்ட நோயால் முடங்கியிருக்கும் மற்ற பெண்களுக்குத் தான் அங்கே நிற்பது ஊக்கம் தரட்டும் என்றும் சொன்னார். முழுதாகத் தேறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் 'பிரனேசி' வந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

அதற்குப் பிறகு 2022 டிசம்பரில் பிபிசி ரேடியோவுக்காக அவர் எழுதிய 'தி வுட் அட் மிட்விண்டர்' என்ற சிறுகதை, 2024இல் படங்களோடு சின்னப் புத்தகமாக வந்தது. மிருகங்களோடும் மரங்களோடும் பேசத் தெரிந்த மெரோடிஸ் என்ற பெண்ணின் கதை. ஸ்ட்ரேஞ்சும் நோரெலும் வாழ்ந்த அதே உலகத்தில் நடக்கிறது. வாசகர்கள் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த உலகத்துக்குள் அவர் மறுபடி நுழைந்தபோது ஒரு சில பாத்திரங்களையும் ஒரே காட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டார், ஒரே மாலையில் படித்து முடிக்கக்கூடிய அளவில்.